தண்ணீர் எங்கே, வழி எங்கே, யாரைக் கூப்பிடுவது

திருச்சியில் ஆய்வு செய்துகொண்டிருக்கும் ஒருவரின் கேள்வி இது: "ஆறு மாதத்துக்கு விருந்தினர் ஆய்வாளராக சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக லேப்புக்கு வருகிறேன். ஐந்து ஆன்லைன் பாடம், எழுபது பக்கக் கோப்பு, மூன்று உறுதிமொழிப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். இதில் எதை நிஜமாகவே மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்? ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? சுடிதார் போட்டுக்கொண்டு லேப்புக்குப் போகலாமா?"

நான் இங்கே பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக லேப் நிர்வாகத்தில் இருக்கிறேன். வேதியியலும் உயிரியலும் கலந்த இடம். வெளியிலிருந்து வருகிறவர்களை முதல் நாள் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டுவது என் வேலையில் ஒரு பகுதி. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். எழுபது பக்கத்தையும் படியுங்கள், தேர்வையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் பெரும்பாலான இடங்களில் உங்கள் அட்டைக்குக் கதவே திறக்காது. ஆனால் விதி தெரியாமல் மாட்டிக்கொண்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்கக் கூச்சப்பட்டு, சொல்லப் பயந்து மாட்டிக்கொண்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். விருந்தாளியாக வந்த இடத்தில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி நிற்கக் கூடாது, நம் கைடு பெயர் கெடக் கூடாது, இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டைக்கு, அதாவது பாஸுக்கு, ஏதும் ஆகிவிடக் கூடாது என்று மனசு கணக்குப் போடும். கோப்பில் இந்தக் கணக்குக்குப் பக்கமே கிடையாது.

என் கதையையே சொல்கிறேன். நான் படித்த கல்லூரியில் மிச்சமான அசிட்டோனை சிங்க்கில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவதுதான் வழக்கம். இங்கே வந்த முதல் மாதம் கை அதையே செய்தது. பக்கத்து மேசையில் இருந்த சீன அக்கா ஒருவர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். திட்டவில்லை. "அந்தத் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். இந்த ஊரில் கழிவுநீரைச் சுத்திகரித்து நியூவாட்டர் ஆக்குகிறார்கள், 2003-இலிருந்து. அதன் பெரும்பகுதி ஆலைகளுக்குப் போகிறது, ஒரு பங்கு நீர்த்தேக்கத்தில் கலந்து மறுபடி குழாய்க்கே வருகிறது. சாக்கடையில் எதை விடலாம், எதை விடக் கூடாது என்பதற்குச் சட்டம் இருக்கிறது. மீறினால் அபராதமும் இருக்கிறது. அன்றிலிருந்து சிங்க்கைப் பார்த்தாலே எனக்குக் குடிநீர்ப் பானை ஞாபகம்தான் வரும்.

சரி, முதல் நாளுக்கு வருவோம். உங்களை அறிமுகம் செய்து, மேசை காட்டி, வைஃபை கடவுச்சொல் கொடுப்பார்கள். காபி இயந்திரத்தை எப்படி இயக்குவது என்று கூட விளக்கமாகச் சொல்லித் தருவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது மூன்று: தண்ணீர் எங்கே, வழி எங்கே, யாரைக் கூப்பிடுவது.

தண்ணீர் என்றால் கண் கழுவும் குழாயும் அவசர ஷவரும். அவை எங்கே என்று கேட்டுவிட்டு நிற்காதீர்கள். உங்கள் மேசையிலிருந்து அங்கே நடந்து பாருங்கள். பத்து விநாடிக்குள் போய்ச் சேரும்படி இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தரநிலையில் உள்ள கணக்கு. இங்கும் பல லேப்கள் அதைத்தான் அளவாக வைத்திருக்கின்றன. அப்புறம் ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு, கையால் மேசையைத் தடவிக்கொண்டு போய்ப் பாருங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கண்ணில் அமிலம் பட்டவர் கண்ணைத் திறந்துகொண்டு நடக்க மாட்டார். இந்தச் சோதனையில்தான் வழியில் யாரோ வைத்த அட்டைப்பெட்டி காலில் இடிக்கும். ஷவருக்குக் கீழே பெட்டி அடுக்கி வைப்பது உலகம் முழுக்க உள்ள வியாதி, இங்கும் உண்டு.

வழி என்றால் இரண்டு வழி. நீங்கள் உள்ளே வந்த கதவு ஒன்று, அது இல்லாமல் இன்னொன்று. அங்கிருந்து படிக்கட்டு, படிக்கட்டிலிருந்து ஒன்றுகூடும் இடம் வரை ஒரு நடை நடந்துவிடுங்கள். இங்கே விருந்தினர்களுக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கிறது. கட்டடத்தைக் காலி செய்து கீழே நிற்கும்போது ஒருவர் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஆள் எண்ணுவார். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது! சம்பளப் பட்டியலிலிருந்தோ மாணவர் பட்டியலிலிருந்தோ எடுத்த தாள் அது. நீங்கள் இரண்டிலும் இல்லை. நீங்கள் மேலே மயங்கிக் கிடந்தாலும் கீழே கணக்கு சரியாக வரும். அதனால் முதல் நாளே லேப் மேலாளரிடம் போய், "ஆள் எண்ணும் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துவிட்டீர்களா?" என்று கேளுங்கள். நான் எத்தனையோ விருந்தினர்களை வரவேற்றிருக்கிறேன். இதைத் தானாகக் கேட்டவர் ஒரே ஒருவர்.

யாரைக் கூப்பிடுவது? தீ, ஆம்புலன்ஸ் இரண்டுக்கும் 995. அது சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் எண். போலீசுக்கு 999. இந்தியாவின் 112 பழக்கத்தில் விரல் தடுமாறும், அதனால் இப்போதே கைப்பேசியில் போட்டு வையுங்கள். கூடவே வளாகப் பாதுகாப்பு அலுவலகத்தின் எண்ணும் வேண்டும். பெரிய வளாகங்களில் ஆம்புலன்ஸ் வாசல் வரை வந்துவிடும். அதற்குப் பிறகு எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட் என்று தெரியாமல் சுற்றும். வழிகாட்டிக் கூட்டி வருவது காவலர் வேலை. ஆகவே 995-க்குப் பேசி முடித்ததும் அவர்களுக்கும் சொல்ல வேண்டும், கீழே ஓர் ஆளை நிறுத்தவும் வேண்டும்.

பேசும்போது இடத்தை முதலில் சொல்லுங்கள், விஷயத்தை அடுத்து சொல்லுங்கள். நம் ஆட்கள் பதற்றத்தில், "சார், நான் இங்கே விசிட்டிங் ரிசர்ச்சர், இந்தியாவிலிருந்து வந்திருக்கேன், என் நண்பர்..." என்று சுயசரிதையிலிருந்து தொடங்குவார்கள். சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு பெரும்பாலும் ஒரு கட்டடத்தையே குறிக்கும், ஒரு பகுதியை அல்ல. குறியீடு, புளோக் எண், மாடி, அறை எண். இந்த நான்கையும் ஒரு சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். அதன் பிறகு என்ன பட்டது, எத்தனை பேர், நினைவு இருக்கிறதா என்று அவர்களே கேட்பார்கள். அவர்கள் போனை வைக்கச் சொல்லும்வரை நீங்கள் வைக்க வேண்டாம்.

இனி உடை. சுடிதார் போடலாமா என்றால், போடலாம், துப்பட்டா இல்லாமல். பருத்தி என்றால் நல்லது. பாலியஸ்டர் தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். 2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 23 வயது உதவி ஆய்வாளர் ஒருவர், காற்றுப்பட்டாலே பற்றிக்கொள்ளும் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். பிஸ்டன் கழன்று வந்து, துணியில் தீப்பற்றியது. லேப் கோட் போடவில்லை, செயற்கை இழை ஸ்வெட்டர் போட்டிருந்தார். 18 நாள் கழித்து இறந்துபோனார். பாதுகாப்பு வகுப்புகளில் லேப் கோட்டோடு இதை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் இன்னொன்று உறுத்தும். அவசர ஷவர் இருந்தது. உதவிக்கு ஓடி வந்தவர் கோட்டால் தீயை அணைக்கப் பார்த்தார், ஷவருக்கு யாரும் கூட்டிப் போகவில்லை. ஷவர் எங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவது வேறு, காலுக்குத் தெரிவது வேறு. மேலே நடந்து பார்க்கச் சொன்னது அதனால்தான்.

ஷவர் என்றதும் நம் பெண்களிடம் யாரும் வெளிப்படையாகப் பேசாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேலே ரசாயனம் கொட்டினால் துணியைக் கழற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே, உடனே கழற்ற வேண்டும். துணி நனைந்து ரசாயனத்தைத் தோலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். எல்லோர் முன்னாலும் எப்படி என்று தயங்கும் ஒவ்வொரு நிமிடமும் தோல் வேகும். நான் புதிதாக வரும் பெண்களிடம் முன்கூட்டியே பேசி வைப்பேன்: ஆண்கள் எல்லோரும் வெளியே போவார்கள், இரண்டு பெண்கள் லேப் கோட்டையும் போர்வையையும் விரித்துத் திரை பிடிப்பார்கள், மாற்று உடை இந்த அலமாரியில் இருக்கிறது என்று. ஒரு தடவை சொல்லிவிட்டால் தயக்கம் பாதி குறைந்துவிடுகிறது. உங்கள் லேப்பில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை என்றால் நீங்களே ஒரு பழைய நைட்டியையும் துண்டையும் பையில் போட்டு லாக்கரில் வையுங்கள்.

கண்ணில் பட்டால் 15 நிமிடம் கழுவ வேண்டும், கைக்கடிகாரம் பார்த்து. இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்தது போல இருக்கும், அப்போது நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. இமையை விரலால் விரித்துப் பிடித்து, விழியை நாலாபக்கமும் சுழற்ற வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவிக்கொண்டே எடுக்க வேண்டும். காரம் பட்டால் அமிலத்தைவிட மோசம், ஏனென்றால் அது திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். வலி குறைவாக இருப்பதை நம்பக் கூடாது. அமிலத்துக்கு சோடா, காரத்துக்கு வினிகர் என்று கண்ணில் எதையும் ஊற்றாதீர்கள். தண்ணீர் மட்டும்.

இதில்தான் ஒரு தம்பி எனக்கு மறக்க முடியாத பாடம் கொடுத்தார். பீனால் கலந்த கரைசல் ஒரு துளி கண்ணோரத்தில் தெறித்திருக்கிறது. பத்தடியில் கண் கழுவும் குழாய். அதை இழுத்தால் தரையெல்லாம் ஈரமாகும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, ஒன்றும் நடக்காதது போல பிப்பெட்டை எடுத்திருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்துக் கண் சிவந்து வீங்கியதைப் பார்த்து நான் கேட்டபோதும் தூசி என்றார். மருத்துவமனையில் கண் பிழைத்தது. பிறகு ஒருநாள், "அக்கா, தரையைத் துடைக்க வேண்டியிருக்குமே என்றுதான் யோசித்தேன்," என்றார். தரையைத் துடைக்க ஆள் இருக்கிறார்கள். நானே துடைப்பேன்.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும் லேப் என்றால் மட்டும் ஒரு கூடுதல் விதி. கழுவியதும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைத் தடவிக்கொண்டே மருத்துவமனை போக வேண்டும். நீர்த்த அமிலம் பட்டால் வலி சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் அது உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துவிடும். ஜெல் எங்கே இருக்கிறது, காலாவதி ஆகிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் குப்பியைத் திறக்க வேண்டும்.

புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் இன்னொன்று உண்டு. கண்ணாடி முன்பக்கமும் உள்ளே விளக்கும் கொண்ட பெட்டி மூன்று விதம். பார்க்க மூன்றும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஃபியூம் ஹூட் உள்ளே இருக்கும் ஆவியை இழுத்துக் கூரை வழியாக வெளியே விடும். அது உங்களைக் காப்பாற்றும், மாதிரியைக் காப்பாற்றாது. பயோசேஃப்டி கேபினெட் காற்றை நுண்வடிகட்டி வழியாக விட்டு உங்களையும் மாதிரியையும் காக்கும். ஆனால் அந்த வடிகட்டி கிருமித் துகளைத்தான் பிடிக்கும், ரசாயன ஆவியைப் பிடிக்காது. பெரும்பாலானவை காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடுவதால், அதில் குளோரோஃபார்ம் திறந்தால் மூக்கில்தான் வந்து நிற்கும். மூன்றாவது, லாமினார் ஃபுளோ மேசை. அது மாதிரியை மட்டும் காக்கும். சுத்தமான காற்றை மாதிரிமேல் ஓட்டி நேராக உங்கள் முகத்துக்கு அனுப்பும். அதில் கிருமியை வைப்பது, யாரோ ஒருவர் இருமும்போது வாயைத் திறந்துகொண்டு எதிரே உட்காருவதற்குச் சமம். எது எது என்று தெரியாவிட்டால் கேளுங்கள். பேராசிரியர்களே குழம்பியதைப் பார்த்திருக்கிறேன், பெயர் சொல்ல மாட்டேன்.

ஃபியூம் ஹூட்டின் கண்ணாடியை எவ்வளவு கீழே இறக்கலாமோ அவ்வளவு இறக்கி, வேலையை விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளிச் செய்யுங்கள். அந்த ஹூட்டின் காற்று போய்ச் சேரும் கூரையில் விசிறியைப் பழுதுபார்க்கும் ஆட்கள் பல நாட்கள் புதுக்கோட்டையிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வந்த தம்பிகளாகத்தான் இருப்பார்கள். அவர்கள் மேலே இருக்கும்போது ஹூட்டில் பூட்டும் அறிவிப்பும் தொங்கும். "அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று அதைத் தள்ளிவிட்டு எதையும் திறக்காதீர்கள். பொதுக் குப்பையில் ஊசி போட்டாலும் இதே கதைதான், குத்துப்படுவது துப்புரவு செய்யும் ஆன்ட்டி.

கழிவைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குப்பியில் முதல் துளி விழும் முன்பே பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். குளோரின், புரோமின் உள்ள கரைப்பான்கள் தனி, இல்லாதவை தனி. நைட்ரிக் அமிலக் கழிவில் அசிட்டோனோ எத்தனாலோ ஒருபோதும் சேரக் கூடாது. சேர்ந்தால், மூடியை இறுக்கி வைத்த குப்பி இரவில் வெடிக்கும். பிளீச் ஊற்றிய எதையும் ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவியில், வைக்கக் கூடாது.

திரவ நைட்ரஜனுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், ஏனென்றால் அது பார்க்கச் சாதுவாக இருக்கும். மைனஸ் 196 டிகிரி என்பதால் எல்லோரும் குளிருக்குத்தான் பயப்படுகிறார்கள். ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. சின்ன அறையில் ஒரு குடுவை கவிழ்ந்தால் மூச்சுக்குக் காற்று இருக்காது; மூச்சுத் திணறுவதும் தெரியாது, ஏனென்றால் நமக்குத் திணறல் வருவது கார்பன் டையாக்சைடு கூடினால்தான். ஓரிரு மூச்சில் விழுந்துவிடலாம். லிஃப்ட்டில் குடுவையை மட்டும் அனுப்பி, ஆள் படியில் போவது அதனால்தான். ஆக்சிஜன் அலாரம் அடிக்கும் அறையில் நண்பர் விழுந்து கிடந்தாலும் உள்ளே ஓடாதீர்கள். எழுதும்போதே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இப்படிப்பட்ட விபத்துகளில் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த கதைகள் நிறைய. கதவைத் திறந்துவிட்டு, 995 அழைத்து, மூச்சுக் கருவியோடு வருபவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும்.

தீ என்றால், குப்பைக்கூடை அளவுக்குள் இருந்து, வாசல் உங்கள் முதுகுப் பக்கம் இருந்து, அணைப்பானை ஏற்கெனவே கையில் பிடித்துப் பார்த்தவராகவும் இருந்தால் அணைத்துப் பாருங்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அலாரத்தை அடித்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியேறுங்கள். சோடியம், லித்தியம் போன்ற உலோகத் தீக்குச் சாதாரண அணைப்பான் ஆகாது. லேப்டாப்பை எடுக்கத் திரும்ப வேண்டாம். ஆய்வேட்டின் ஒரே பிரதி அதில்தான் இருக்கிறது என்றால் அதை இன்றே சரிசெய்யுங்கள். இன்னொரு விஷயம்: பிப்ரவரியில் இங்கே இருப்பீர்கள் என்றால், 15-ஆம் தேதி மாலை 6.20-க்குத் தீவு முழுக்க அபாயச் சங்கு ஒலித்தால் பயப்படாதீர்கள். 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாளின் நினைவு அது. என்னுடன் இருந்த ஒரு வெளிநாட்டு மாணவர் மூன்று மாடி இறங்கி ஓடிவிட்டார். ஓடியதில் தவறே இல்லை என்றுதான் சொன்னேன்.

உயிரியல் லேப்புக்கு வருகிறீர்கள் என்றால் 2003 செப்டம்பரில் இங்கே நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். சார்ஸ் அடங்கிச் சில மாதம் ஆகியிருந்தது. 27 வயது ஆய்வு மாணவர் ஒருவருக்குத் திடீரென்று சார்ஸ். அவர் ஆராய்ந்தது வெஸ்ட் நைல் வைரஸை. தன் லேப்பிலிருந்து வேலைக்காக இன்னொரு லேப்புக்குப் போயிருந்தார், உங்களைப் போலத்தான். அங்கே இருந்த வெஸ்ட் நைல் மாதிரியில் சார்ஸ் வைரஸ் கலந்திருந்தது. அவர் பிழைத்தார், வேறு யாருக்கும் பரவவில்லை. 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உயிரியல் கிருமிகள், நச்சுப் பொருள்கள் பற்றிய சட்டத்துக்குப் பின்னால் இந்த நிகழ்வின் நிழல் இருக்கிறது. அவர் கையாண்ட குப்பியின் பெயர்ச்சீட்டில் இருந்த பெயர் வேறு, உள்ளே இருந்தது வேறு. அதனால் யாரோ கொடுத்த மாதிரியை, சீட்டை மட்டும் நம்பிக் கையாள வேண்டாம். அப்புறம், இங்கே காய்ச்சல் என்று கிளினிக்குப் போனால் டாக்டர் முதலில் டெங்கியைத்தான் நினைப்பார். எந்த லேப்பில் எந்தக் கிருமியோடு வேலை செய்கிறீர்கள் என்று நீங்களாகச் சொல்ல வேண்டும்.

ஊசி குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். பிதுக்கி ரத்தம் எடுக்காதீர்கள், பிளீச் தடவாதீர்கள். மனித ரத்தம் சம்பந்தப்பட்டது என்றால் உடனே மருத்துவமனை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. "திங்கட்கிழமை பார்க்கலாம்" என்பது வெள்ளிக்கிழமை மாலை குத்தியவர்களுக்கு மிகவும் பிடித்த வாக்கியம்.

மாதிரிகளை ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாம் என்று யோசிக்கவே வேண்டாம். மண், செடி, ரத்தம், கிருமி எதற்கானாலும் முன்னதாகவே அனுமதி வேண்டும். அதை வாங்குவது உங்களை அழைத்த லேப்பின் வேலை. மேலே சொன்ன கிருமிச் சட்டத்தின் கீழ் வரும் கிருமிகளை எம்ஆர்டி ரயிலிலோ பேருந்திலோ கொண்டுபோகக் கூடாது, தபாலிலும் அனுப்பக் கூடாது. இரண்டு நிலையம் தள்ளி இருக்கும் லேப்புக்கு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறக் கிளம்பிய ஒருவரை நானே வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.

ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் என்று ஒன்று கொடுப்பார்கள். வேலை தொடங்கும் முன் அதை எழுதியிருக்க வேண்டும் என்பது இங்கே 2006-இலிருந்து சட்டம். பழைய மாணவர் எழுதியதில் பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். திருச்சியில் பத்து தடவை செய்த வேதிவினைதான் என்றாலும் இங்கே காற்றின் ஈரப்பதம் வேறு, ஹூட் வேறு, குளிர்விப்பான் வேறு. ஈரத்தில் பற்றும் பொருள்களை இந்த ஊர்க் காற்றில் திறப்பதற்கே தனித் தைரியம் வேண்டும்.

இப்போது பணம். வேலையில் காயம்பட்டால் இழப்பீடு தரும் சட்டம் இங்கே வேலை ஒப்பந்தம் உள்ள ஊழியர்களுக்கானது. உதவித்தொகையில் வரும் விருந்தினருக்கு அது பொருந்தாமல் போகலாம். வெளிநாட்டவருக்கு அரசு மருத்துவமனையிலும் மானியம் கிடையாது. ஆகவே கிளம்பும் முன் ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள்: லேப் விபத்துக்கு எனக்குக் காப்புறுதி உண்டா, எவ்வளவு வரை? பதில் எழுத்தில் வர வேண்டும். பயணக் காப்புறுதி ஒன்று வாங்கினால் அதில் ஆய்வக வேலை விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் படித்துவிடுங்கள்.

எதுவும் ஆகாமல் தப்பித்தாலும் சொல்ல வேண்டும். 2016 மார்ச்சில் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த தொட்டி வெடித்து, ஒரு முதுமுனைவர் ஆய்வாளர் கையை இழந்தார். அதற்கு முன்பே தொட்டியைத் தொட்டபோது நிலைமின் அதிர்ச்சி அடித்திருந்தது. அவர் அதைச் சொல்லியும் இருக்கிறார், கவலைப்பட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதனால் நான் சொல்வது: சூப்பர்வைசர் தலையாட்டியதோடு விடாதீர்கள், பாதுகாப்பு அலுவலகத்துக்கும் நாலு வரி எழுதுங்கள். உங்கள் பாஸ் பறிபோகாது. விபத்தைச் சொன்னதற்காக யாரையும் ஊருக்கு அனுப்பியதை இத்தனை ஆண்டில் நான் பார்த்ததில்லை. மறைத்துப் பிறகு தெரியவந்ததற்கு, லேப் அனுமதியை ரத்து செய்ததைப் பார்த்திருக்கிறேன். காயத்துக்கு டாக்டர் மருத்துவ விடுப்புக் கொடுத்தால் ஊழியர் விஷயத்தில் அது மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டிய விபத்து. ஆக, நீங்கள் மறைப்பது உங்களை அழைத்தவருக்கும் உதவி ஆகாது.

இரவு வேலையைப் பற்றி: இங்கே லேப் விளக்கு நள்ளிரவிலும் எரியும். தனியாக இருந்தால் கணினி வேலை, படிப்பு, எடை போடுவது வரை சரி. சூடாக்குவது, அழுத்தம், காற்றுப்பட்டால் பற்றும் பொருள், இவை எல்லாம் குரல் எட்டும் தூரத்தில் இன்னோர் ஆள் இருந்தால் மட்டும்.

கடைசியாக, என்ன கொண்டுவருவது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். கோட், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் இங்கே தருவார்கள். பவர் கண்ணாடி போடுபவர் என்றால் அதன்மேல் மாட்டும் பெரிய கண்ணாடி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பாதம் முழுக்க மூடிய ஷூ இரண்டு ஜோடி கொண்டுவாருங்கள், ஒன்று போதாது. டிசம்பர் மழையில் ஒரு தடவை நனைந்தால் இரண்டு நாளுக்குக் காயாது, அந்த இரண்டாவது நாள்தான் எல்லோரும் செருப்போடு லேப் வாசலில் வந்து நின்று என் முகத்தைப் பார்ப்பார்கள்.